வன்னியின் தொழில் வலயங்களைத் திட்டமிடுவோருக்கு: பில்லில் எந்த ஊர் விலாசம் இருக்கப் போகிறது?

வடக்கு மாகாண ஆளுநர் அலுவலகத்துக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டச் செயலகங்களின் திட்டமிடல் பிரிவுகளுக்கும், முதலீட்டுச் சபைக்கும்,

வணக்கம்.

மாங்குளத்திலும் பரந்தனிலும் தொழில் வலயம் வரப் போகிறது என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வரை வந்துவிட்டது. கூடவே 'ஸ்மார்ட் நகரம்' என்பதும் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. சோலர் தெருவிளக்கு, சந்திக்குச் சந்தி கமரா, தானாக அளவெடுத்து அனுப்பும் தண்ணீர் மீற்றர், போனிலேயே கட்டும் ஆதன வரி. இவை வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. வரட்டும். முப்பது வருடம் எதுவும் வராமல் இருந்த மண் இது. ஆனால் வருவது எங்கள் மண்ணில் வேர்விடுமா, அல்லது நட்ட கம்பமாகவே நிற்குமா என்பதை நீங்கள் இப்போது எடுக்கும் முடிவுகள்தான் தீர்மானிக்கும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் சில சங்கங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். என் மேசையில் நாள் முழுக்கப் புரள்வது கொள்வனவு பில்கள். ஒரு வெல்டிங் பட்டறையின் கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் குழாயும் தகடும் கொழும்பு பழைய சோனகத் தெருவில் இருந்து. வெல்டிங் றொட், பெயின்ட், அரைக்கும் மெசினுக்குப் போடும் வட்டு எல்லாம் அதே திசை. கரண்ட் பில் மின்சார சபைக்கு. இவ்வளவையும் கழித்தால் ஊருக்குள் நிற்பது மூன்று பேரின் கூலி, மதியச் சாப்பாட்டுக் கடைக்காரருக்குக் கொடுத்தது, கேற்றை ஏற்றி இறக்கிய லாண்ட்மாஸ்டரின் வாடகை. பட்டறை முதலாளி நல்ல உழைப்பாளி. அவர் செய்கிற கேற் தரமானது. ஆனால் அவருக்கு ஒரு வேலை கிடைத்தால் அதில் பெரும் பங்கு அடுத்த நாளே ஏ-9 வீதியால் தெற்கே போய்விடுகிறது.

இந்தக் கோவையை ஒரு நாட்டின் அளவுக்குப் பெருப்பித்தால் கிடைப்பதுதான் பொருளியலில் உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை. எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது, யாருக்கு எவ்வளவு விற்கிறது என்று குறுக்கும் நெடுக்குமாக எழுதிய பெரிய பேரேடு. 1930களில் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு இதைச் செய்து காட்டியவர் வசிலி லியொன்டிஃப். 1973 இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1958 இல் அல்பர்ட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலாளர் இதே விசயத்தை அபிவிருத்தியின் பக்கம் திருப்பினார். ஒரு தொழில் தனக்கு வேண்டியதை வாங்குவதால் பின்னால் எழும் தொழில்கள் பின்னோக்கிய இணைப்பு. அது செய்து கொடுப்பதை வைத்து முன்னால் எழும் தொழில்கள் முன்னோக்கிய இணைப்பு. காசு குறைந்த நாடு எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்றால், இந்த இரண்டு பக்கமும் அதிகம் இழுக்கிற இடத்தில் என்பது அவர் வாதம்.

கணக்கு எளிது. ஊருக்குள் வரும் 100 ரூபாயில் 20 ரூபாய் மட்டும் ஊருக்குள் மறுபடி செலவானால், அதில் 4, அதில் 80 சதம் என்று தேய்ந்து, கூட்டிப் பார்த்தால் மொத்தம் 125 ரூபாய்க்கு வேலை நடக்கும். அதே நூறில் 50 ரூபாய் உள்ளே நின்றால் 200 ரூபாய்க்கு நடக்கும். போட்ட முதல் ஒன்றுதான். ஓட்டை எவ்வளவு பெரிது என்பதில்தான் வித்தியாசம்.

ஸ்மார்ட் நகரத் தொழில்கள் என்பவை ஒரே தொழில் அல்ல. குழி வெட்டிக் கம்பம் நடும் கட்டுமானம் அதில் இருக்கிறது. சென்சர், கமரா, மின்கலம் செய்யும் உற்பத்தி இருக்கிறது. தொலைத்தொடர்பு இருக்கிறது. மென்பொருளும் தரவுச் சேவையும் இருக்கின்றன. காலம் போகப் போக இவற்றின் எடை மாறும். முதல் ஓரிரு வருடம் கட்டுமானம்தான்: சீமெந்து, மணல், கூலி, லொறி. அடுத்து பெட்டி பெட்டியாக உபகரணம் வந்து இறங்கும். அதன் பிறகு வருவதுதான் நீண்ட காலம்: பழுதுபார்த்தல், உதிரிப்பாகம், மென்பொருளுக்கு வருடா வருடம் கட்டும் கட்டணம், அப்புறம் சேர்ந்துகொண்டே போகும் தரவை வைத்துச் செய்யும் வேலைகள். முதல் கட்டத்தில் எந்த ஊருக்கும் கொஞ்சம் காசு கிடைக்கும். கடைசிக் கட்டத்தில் கிடைப்பது தயாராக இருந்த ஊருக்குத்தான்.

கட்டுமானக் கட்டம் முடிந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குப் புதிது இல்லை. 2009 க்குப் பிறகு ஏ-9 அகலமானது, ரயில் பாதை மறுபடி போடப்பட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனது. இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்குக் கிழக்குக்கு 46,000 வீடுகள். அந்த வருடங்களில் சீமெந்துக் கல் அரியும் இடங்கள் வீதிக்கு வீதி முளைத்தன. மேசன்மாருக்கு ஓய்வில்லை. வீடுகள் முடிந்தன, கல்லரியும் அச்சுகள் துருப்பிடித்தன. லீசிங்கில் உழவு இயந்திரம் எடுத்தவர்கள் வேலை நின்ற பிறகும் தவணை கட்டினார்கள். வீடு கிடைத்தது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டுமானம் தனக்குப் பின்னால் நிலைத்து நிற்கும் ஒரு தொழிலை வன்னியில் விட்டுப் போகவில்லை. ஒட்டுசுட்டானில் ஒரு காலத்தில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. ஆயிரக்கணக்கான கூரைகள் போட்ட அந்த வருடங்களில் அது இயங்கியிருந்தால் அந்த பில்களில் ஒரு பகுதிக்காவது வன்னி விலாசம் இருந்திருக்கும்.

இணைப்பு என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல கொரியாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. பரந்தனையும் ஆனையிறவையும் காட்டினால் போதும். ஆனையிறவில் உப்பு விளைந்தது. பக்கத்தில் பரந்தனில் 1950களில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் கோஸ்டிக் சோடா, மறு பக்கம் குளோரின். கோஸ்டிக் சோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் வேண்டியது. குளோரின் நாடு முழுக்கக் குடிநீரைச் சுத்திகரிக்க வேண்டியது. பின்னால் உப்பளத் தொழிலாளி, முன்னால் சவர்க்காரமும் கடதாசியும் குழாய்த் தண்ணீரும். இரண்டு பக்கமும் இழுத்த தொழில் அது, அதுவும் சில மைல் தூரத்துக்குள் உள்ளீடு கிடைத்த தொழில். அதைச் சுற்றி மெக்கானிக்குகள் வளர்ந்தார்கள், பாடசாலை வளர்ந்தது, சந்தை வளர்ந்தது.

1980களில் போர் அதை நிறுத்தியது. அந்தப் பெயரில் கொம்பனி இன்றும் இருக்கிறது. அது குளோரினை வெளிநாட்டில் இருந்து இறக்கி விநியோகிக்கிறது. ஆனையிறவு உப்பளம் மறுபடி இயங்குகிறது. 2025 மார்ச்சில் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. ஆக, சங்கிலியின் ஒரு வளையம் இருக்கிறது, அடுத்தது இல்லை. இரசாயனத் தொழிற்சாலையை மறுபடி தொடங்கும் பேச்சு வரும்போதெல்லாம் நான் கவனமாக வாசிப்பது அதனால்தான். பரந்தனில் ஒரு வலயம் அமைக்கும்போது முதல் கேள்வியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆனையிறவு உப்பு மேசைக்கு மட்டும்தானா?

மன்னாரைப் பாருங்கள். 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. முப்பது காற்றாடிகள், 103.5 மெகாவொற். நாட்டுக்குத் தேவையான மின்சாரம், அதில் சந்தேகம் இல்லை. கோபுரமும் இறக்கையும் கப்பலில் வந்தன, மின்சாரம் கம்பியில் போகிறது. 2025 இல் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வாரக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். சூழல், வெள்ள நீர் வடிதல், மீன்பிடி என்று அவர்களின் காரணங்கள் பல. அவற்றுக்கு அடியில் ஒரு கேள்வி இருந்தது என்று நான் நினைக்கிறேன்: எங்கள் காற்றும் மணலும் போன பிறகு எங்களுக்கு மிஞ்சுவது என்ன? அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு மன்னாரிலேயே ஐஸ் கட்டித் தொழிற்சாலையையும் மீன் பதனிடும் குளிரறையையும் மலிவாக ஓட்டியிருந்தால், காற்றாடிகளுக்குப் பொறியியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் அந்த மாவட்டத்திலேயே பயிற்றப்பட்டிருந்தால், அந்தப் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் 2019 இல் ஸ்மார்ட் லாம்ப் போல், அதாவது தொலைத்தொடர்பு அன்டனா பூட்டிய தெருவிளக்குக் கம்ப விவகாரம் கிளம்பியது நினைவிருக்கும். கதிர்வீச்சு பற்றிய பயம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. அந்தக் கம்பத்தால் ஊருக்கு என்ன வருமானம், யார் பராமரிப்பார், அதில் சேரும் தகவல் யாருக்கு என்ற பேச்சு போதிய அளவு நடக்கவில்லை. வன்னியிலும் அப்படி ஆகக்கூடாது.

வெளியூர் அனுபவத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். தென்கொரியா 2008 இல் இதற்கென்று ஒரு சட்டமே கொண்டு வந்தது, 2017 இல் அதை ஸ்மார்ட் நகரச் சட்டமாக மாற்றியது. இஞ்சோன் பக்கத்தில் கடலை நிரப்பி சொங்டோ என்ற ஸ்மார்ட் நகரத்தைக் கட்டியது. அந்த நாட்டில் ஒரு சென்சர் வாங்கினால் அந்த பில் பெரும்பாலும் உள்நாட்டுத் தொழிற்சாலைக்குப் போகும், ஏனென்றால் சிப், திரை, கேபிள் எல்லாம் அங்கேயே செய்கிறார்கள். இன்னொன்று, கொரிய மத்திய வங்கி உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணையை ஒழுங்காக வெளியிடுகிறது. எந்தத் துறை எந்தத் துறையை இழுக்கிறது, பத்து வருடத்துக்கு முன் இருந்த இழுப்பு இப்போது கூடியதா குறைந்ததா என்று அவர்களால் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. நாங்கள் சொங்டோவின் படத்தை எடுத்து வந்து கூட்டங்களில் காட்டுகிறோம். எடுத்து வர வேண்டியது அந்த அட்டவணை.

இந்தியா 2015 ஜூனில் 100 நகரங்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் 11 நகரங்கள். நகரத்துக்கு நகரம் பெரிய திரைகளோடு கட்டுப்பாட்டு மையம் வந்தது. 2025 மார்ச்சோடு திட்டம் முடிந்தது. மத்திய அரசின் காசு நின்ற பிறகும் திரைகளுக்குக் கரண்டும் மென்பொருளுக்குக் கட்டணமும் யாரோ கட்டியாக வேண்டும். எங்கள் கரைச்சிப் பிரதேச சபையின் வரவு செலவைப் பார்த்த எவரும் இதை யோசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

சரி, மாங்குளத்தில் சிப் செய்யச் சொல்கிறேனா? இல்லை. உள்ளூர் பொருள்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் வைத்தால் விலை ஏறும், வேலை தாமதமாகும், தரம் குறையும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதில் உண்மை இருக்கிறது. கமராவும் சென்சரும் இன்னும் நெடுங்காலம் வெளியில் இருந்துதான் வரும். வரட்டும். நான் கேட்பது பின்னோக்கிய பக்கத்தில் எங்களால் பிடிக்கக்கூடிய துண்டுகளையும், முன்னோக்கிய பக்கம் முழுவதையும். முன்னோக்கிய பக்கத்தில்தான் வன்னிக்குப் பெரிய வாய்ப்பு. எங்களிடம் இருப்பது குளமும் வயலும் கடலும். ஸ்மார்ட் தொழில் அவற்றோடு கோர்த்துக்கொண்டால் அது இங்கே வாழும். தெருவிளக்கோடும் கமராவோடும் நின்றால் உத்தரவாதக் காலம் முடியும் வரைதான்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் இருந்தே தொடங்கலாம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் இருந்து தண்ணீரைக் கொண்டு வந்து குளத்தில் சேர்க்கிறது. 2018 டிசம்பரில், குளம் புனரமைத்துத் திறந்து சில நாட்களுக்குள், பெருமழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தன. கதவுகள் எப்போது, எவ்வளவு திறக்கப்பட்டன என்று பிறகு விசாரணை வரை போனது. மேலே ஆற்றங்கரையில் மழைமானிகளும் நீர்மட்டம் அளக்கும் கருவிகளும் இருந்து, அந்த அளவு நேரத்துக்கு நேரம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் கீழே உள்ள கமக்காரர் அமைப்புகளின் போனுக்கும் வந்தால், அதுவே எங்கள் முதல் ஸ்மார்ட் திட்டம். கருவி விலை பெரிதல்ல. கம்பம் செய்வதும் பெட்டி செய்வதும் என் கோவையில் உள்ள அந்த வெல்டிங் பட்டறைக்கு முடியும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, விவசாய பீடமும் அங்கேதான். 2016 இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் பக்கத்தில் இருக்கிறது. கருவியைக் கழற்றிப் பூட்ட, சுத்தம் செய்ய, அளவைச் சரிபார்க்க ஆட்கள் அங்கிருந்தே வரலாம். அதே தரவு சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற கூட்டத்திலும் பயன்படும். அந்தக் கூட்டங்களில் நடக்கும் சண்டை எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து நெல். காலபோக அறுவடைக்கு மாசி மாதம் பரந்தன்-முல்லைத்தீவு வீதியால் போய்ப் பாருங்கள். தார் வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் பரவிக் கிடக்கும். வாகனம் வந்தால் ஒதுங்குவதும், மப்புப் போட்டால் ஓடிவந்து தறப்பாள் இழுப்பதும்தான் அந்த நாட்களின் வேலை. வெட்டு மெசின் ஒரே நாளில் வயலைக் காலி செய்துவிடுகிறது. ஈர நெல்லை வைத்திருக்க இடம் இல்லை. வயலடியில் நிற்கும் லொறிக்காரர் சொன்னதுதான் விலை. மூடைகள் தெற்கே பெரிய ஆலைகளுக்குப் போகின்றன. பிறகு அதே நெல் அரிசியாக, பாக்கெற்றில், எங்கள் கடைக்கு வருகிறது. அந்த பில்லையும் நான்தான் கணக்கில் ஏற்றுகிறேன். விற்ற விலையும் வாங்கிய விலையும் ஒரே மேசையில் கிடக்கும்போது மனம் கொதிக்கிறது.

இங்கே உலர்த்தும் மெசின் வேண்டும், ஈரப்பதம் அளந்து காட்டும் களஞ்சியம் வேண்டும், எந்தச் சங்கத்தில் எத்தனை மூடை எந்த ஈரப்பதத்தில் இருக்கிறது என்று வாங்குபவர் ஒன்லைனில் பார்க்கும் வசதி வேண்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பழைய களஞ்சியங்கள் இருக்கின்றன. வெயில் வருடத்தில் பெரும் பகுதி காய்கிறது, சோலர் தகட்டுக்கு இடம் தாராளம். உலர்த்தும் நிலையம் வந்தால் ஆலை வரும், ஆலை வந்தால் தவிடும் உமியும் இங்கேயே நிற்கும், தவிட்டில் மாட்டுத்தீனி, அதில் இருந்து பால் என்று சங்கிலி நீளும். மாங்குளம் வலயத்துக்கு முதலில் யாரை அழைப்பது என்று யோசிக்கிறீர்கள் என்றால், இந்தச் சங்கிலியின் வளையங்களை அழையுங்கள். ஆடைத் தொழிற்சாலைகள் எங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சம்பளம் தந்திருக்கின்றன, அந்தச் சம்பளத்தில் பல வீடுகள் நிற்கின்றன. ஆனால் துணி கொள்கலனில் வந்து உடுப்பாகக் கொள்கலனில் போகும்போது ஊருடன் அதற்கு உள்ள தொடர்பு அந்தச் சம்பளம் ஒன்றுதான். இன்னும் அதே மாதிரி ஒன்றைக் கூட்டுவதைவிட, இரண்டு பக்கமும் கொளுவும் ஒன்றைக் கொண்டு வருவது மேல்.

நான் கேட்பது இவைதான். ஒவ்வொரு திட்டக் கோவையிலும் ஒரு பக்கம் சேருங்கள்: முதல் வருட பில்களில் எத்தனை வீதம் நான்கு மாவட்டங்களின் விலாசத்தில் இருக்கும், ஐந்தாம் வருடத்தில் எத்தனை வீதம், பத்தாம் வருடத்தில் எத்தனை வீதம். அந்தப் பக்கம் இல்லாத கேள்விமனுவைத் திருப்பி அனுப்புங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தை உபகரண ஒப்பந்தத்தில் இருந்து பிரித்து, மாவட்டத்துக்குள் பணிமனை வைத்திருப்பவருக்கு மட்டும் கொடுங்கள். சேரும் தரவு பிரதேச சபைக்கும் கமக்காரர் அமைப்புக்கும் சொந்தம் என்று எழுத்தில் இருக்கட்டும், கொம்பனி மாறினாலும் தரவு இங்கே நிற்க வேண்டும். நாளைக்கு எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒரு செயலி செய்ய நினைத்தால் அவர்கள் யாரிடமும் காசு கொடுத்து எங்கள் குளத்து அளவை வாங்கும் நிலை வரக்கூடாது.

கடைசியாக அந்த அட்டவணை. மத்திய வங்கி மாகாணவாரியாக உற்பத்திப் பங்கைச் சொல்கிறது. மேல் மாகாணம் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல், வடக்கு நூற்றுக்கு ஐந்து அளவில். அந்த ஐந்துக்குள் எது எதோடு தொடுத்திருக்கிறது என்பது தெரிந்தால்தான் திட்டமிட முடியும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தோடும் யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களோடும் சேர்ந்து வடக்குக்கென்று ஒரு உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை தயாரியுங்கள். சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, பதினைந்து இருபது துறைகள் போதும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திருப்பிச் செய்யுங்கள். வலயங்கள் எங்களை இழுத்தனவா, நாங்கள் வலயங்களுக்கு வெளியே நின்றோமா என்பது அதில் தெரியும். என் போல ஊருக்குள் கணக்கு எழுதுபவர்கள் பலர் இருக்கிறோம். உரிமையாளர்கள் சம்மதித்தால், பெயர்களை மறைத்து, எந்தப் பொருள் எந்த ஊரில் இருந்து என்ற விபரத்தைத் தர நாங்கள் தயார். இதற்குச் சம்பளம் கேட்க மாட்டோம்.

மாங்குளத்தில் முதல் காணித் துண்டை ஒதுக்கும் முன்பு அந்த முதல் அட்டவணை முடிந்திருக்க வேண்டும். பிறகு செய்தால் எதோடு ஒப்பிடுவது? எந்த மாதம் தொடங்குவீர்கள், எந்த அதிகாரி பொறுப்பு என்பதைப் பத்திரிகையில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒருவர்,
கிளிநொச்சி